கிகேட்டில் டிராக்கைக் காணோமா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

சர்க்யூட் போர்டு வரையும் நிரலான கிகேட்டில் வேலை செய்கிறீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் பாதி டிராக்கை, அதாவது செம்புப் பாதைகளை, காணோம். அல்லது காலையில் நீலமாக நிரம்பியிருந்த கிரவுண்டு ஜோன் (கிரவுண்டு இணைப்புக்கான அகலமான செம்புப் பரப்பு) இப்போது வெறும் கோடாக நிற்கிறது. உடனே கை கண்ட்ரோல்+இசட்டுக்குப் போகும். போக வேண்டாம். ஃபைலுக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. ஏதோ ஒரு கீயில் விரல் பட்டு, திரை காட்டும் விதம்தான் மாறியிருக்கும். அந்த மாற்றம் அன்டூ பட்டியலிலேயே இருக்காது. அன்டூ அடிக்க அடிக்க, அதற்கு முன் செய்த உருப்படியான வேலைதான் ஒவ்வொன்றாகக் கழன்று போகும்.

போர்டு எடிட்டரில் கண்ணுக்கு உதவுவதற்கென்று நிறைய வைத்திருக்கிறார்கள்: லேயரை மங்கலாக்குவது, இணைக்க வேண்டிய பேட்களை (உதிரியின் கால் சால்டர் ஆகும் செம்புத் திட்டுகளை) மெல்லிய கோட்டால் காட்டுவது, ஒரு நெட்டை (ஒன்றாக இணைய வேண்டிய பேட்களின் கூட்டத்தை) மட்டும் ஒளிரவிடுவது, கிரிட் புள்ளிகள், 3டி படம். இவற்றால் வரும் தொல்லை இரண்டு வகை. இருப்பது தெரியாமல் போவது ஒன்று. அதில் அரை மணி நேரம் வீணாகும். இல்லாதது இருப்பதுபோலத் தெரிவது இன்னொன்று. அதில் காசு போகும். இரண்டாவது வகைக்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் சொல்வது கிகேட் 8-ஐ வைத்து. 6, 7-இலும் ஏறக்குறைய இதேதான். 5-இல் வலப்பக்கப் பலகையே வேறு மாதிரி இருக்கும். இன்னும் அதில் இருப்பவர்கள் மேலே வந்துவிடுவது நல்லது.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். ஆல்ட்+3 அழுத்தி 3டி வியூவரைத் திறந்து பாருங்கள். காணாமல் போன டிராக் அங்கே இருந்தால் அது போர்டில் இருக்கிறது, கோளாறு எடிட்டரின் காட்சியில் மட்டும்தான். 3டி வியூவரிலும் லேயர் தேர்வு உண்டு; அது ‘ஃபாலோ பி.சி.பி. எடிட்டர்’ என்று இருந்தால் எடிட்டரில் மறைத்தது அங்கேயும் மறையும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரு லேயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, மற்றதெல்லாம் மங்கல்

கண்ட்ரோல்+எச். ஒருமுறை அழுத்தினால் நீங்கள் நிற்கும் லேயரைத் தவிர மற்றவை மங்கும், இன்னொரு முறை அழுத்தினால் மொத்தமாக மறையும், மூன்றாவது முறை பழையபடி வரும். கை தவறி அழுத்தி, பதறி இன்னொரு தடவையும் அழுத்தியவர்கள்தான் ‘பின்பக்க டிராக் எல்லாம் அழிந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அப்பியரன்ஸ் பலகையில் லேயர்ஸ் பக்கத்தின் அடியில் ‘இன்ஆக்டிவ் லேயர்ஸ்’ என்ற இடத்தில் நார்மல், டிம், ஹைட் என்று மூன்று தேர்வு இருக்கும், இது அதேதான்.

அது நார்மலில்தான் இருக்கிறது, ஆனாலும் காணோம் என்றால், லேயர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கண் படம் மூடியிருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்க வேண்டாம். அடியிலேயே ‘பிரிசெட்ஸ்’ என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் ‘ஆல் லேயர்ஸ்’ எடுத்தால் எல்லாம் வந்துவிடும். அப்பியரன்ஸ் பலகையே காணவில்லை என்றால் வியூ மெனுவில் பேனல்ஸ் பகுதியில் தேடுங்கள்.

கீ அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா? கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கோ தமிழ்99-இல் பதில் தட்டிவிட்டு அப்படியே கிகேட்டுக்கு வந்து, ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யவில்லை என்று நிரலை அழித்து மறுபடி நிறுவும் அளவுக்குப் போயிருக்கிறேன்.

காப்பர் ஜோன் நிரம்பவில்லை, எல்லைக்கோடு மட்டும் தெரிகிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் திரையில் ஒரே முகம், அதுதான் குழப்பம்.

ஒன்று, ஜோன் உண்மையிலேயே நிரப்பப்படவில்லை. புதிதாக வரைந்திருப்பீர்கள், அல்லது கண்ட்ரோல்+பி அழுத்தி நிரப்பலை எடுத்திருப்பீர்கள். வெறும் பி அழுத்துங்கள், எல்லா ஜோனும் நிரம்பும். இரண்டு, நிரம்பித்தான் இருக்கிறது, ஆனால் இடப்பக்கப் பட்டையில் ‘எல்லையை மட்டும் காட்டு’ என்ற பட்டன் அமுங்கியிருக்கிறது. டிராக் போடும்போது இது உண்மையில் வசதியான அமைப்பு. நான் பாதி நேரம் அப்படித்தான் வேலை செய்வேன். மூன்று, அப்பியரன்ஸ் பலகையின் ஆப்ஜெக்ட்ஸ் பக்கத்தில் ஜோனுக்கான ஒளிபுகுதன்மைச் சறுக்கி கீழே இறங்கிப் போயிருக்கிறது. டச்பேடில் விரல் வழுக்கினால் போதும்.

எது என்று பிரிப்பது எளிது. 3டி வியூவரில் செம்புப் பரப்பு தெரிந்தால் இரண்டாவது அல்லது மூன்றாவது. அங்கேயும் இல்லையென்றால் முதலாவது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது, அதுதான் வம்பு. ஜோன் நிரம்பியதாகத் தெரிகிறது, ஆனால் அது பழைய நிரப்பல். நேற்று நிரப்பினீர்கள், இன்று ஒரு கெபாசிட்டரை 3 மி.மீ. நகர்த்தி ஒரு டிராக்கும் போட்டீர்கள். நேற்றைய நிரப்பல் அப்படியே நிற்கும், டிராக் அதன்மேல் படுத்திருக்கும். பார்த்தால் ஷார்ட் ஆனதுபோல இருக்கும். டி.ஆர்.சி. (வடிவமைப்பு விதிச் சோதனை) ஓட்டினால் ஐம்பது அறுபது பிழை கொட்டும். பயப்பட ஒன்றுமில்லை. டி.ஆர்.சி. பெட்டியில் ‘சோதனைக்கு முன் எல்லா ஜோனையும் நிரப்பு’ என்ற டிக்கைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஜெர்பர் (தொழிற்சாலைக்கு அனுப்பும் ஃபைல்கள்) எடுக்கும் பெட்டியிலும் ஜோனைச் சரிபார்க்கச் சொல்லும் டிக் ஒன்று உண்டு. இரண்டையும் எப்போதும் போட்டே வைத்திருங்கள். 7-லிருந்து ஜோன்களைத் தானாக நிரப்பிக்கொள்ளும் அமைப்பும் பிரிஃபரன்ஸில் இருக்கிறது, பெரிய போர்டில் அது இழுவையாக இருக்கும் என்பதால் நான் போடுவதில்லை.

இணைப்புக் கோடுகள் தெரியவில்லை, அல்லது ‘எல்லாம் முடிந்துவிட்டது’ போலத் தெரிகிறது

ராட்ஸ்நெஸ்ட் என்று சொல்கிற மெல்லிய கோடுகள்தான் இவை. எந்த பேட் எந்த பேடோடு இன்னும் சேரவில்லை என்று காட்டுபவை. புதிதாக உதிரிகளை உள்ளே கொண்டுவந்ததும் இடியாப்பம் பிழிந்த மாதிரி இருக்கும். டிராக் போடப் போட ஒவ்வொன்றாகக் குறையும்.

ஒரு கோடுகூட இல்லை என்றால், முதலில் இடப்பக்கப் பட்டையில் ராட்ஸ்நெஸ்ட் பட்டனைப் பாருங்கள். பிறகு அப்பியரன்ஸ் பலகையின் நெட்ஸ் பக்கம், அதன் அடியில் ராட்ஸ்நெஸ்ட் காட்சிக்கு ஆல், விசிபிள் லேயர்ஸ், நன் என்று தேர்வு. ‘விசிபிள் லேயர்ஸ்’ என்று இருந்து, பின்பக்க லேயரை நீங்கள் மறைத்துவைத்திருந்தால், பின்பக்கத்து பேடுக்குப் போகும் கோடும் சேர்ந்து மறையும். இவை எல்லாம் சரியாக இருந்தும் கோடு இல்லையென்றால், ஸ்கிமேட்டிக்கிலிருந்து (சர்க்யூட் வரைபடத்திலிருந்து) போர்டுக்கு நெட் விவரமே வந்திருக்காது. எஃப்8 அழுத்திப் புதுப்பியுங்கள். ஸ்கிமேட்டிக்கில் ஒயர் பின்னைத் தொடாமல் பக்கத்தில் நின்றிருந்தாலும் இங்கே கோடு வராது.

சில நெட்டுக்கு மட்டும் கோடு வரவில்லையென்றால் அந்த நெட்டை நீங்களே மறைத்திருக்கிறீர்கள். நெட்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு நெட்டுக்கும் ஒரு கண் உண்டு. கிரவுண்டுக் கோடுகள் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும், எப்படியும் ஜோன்தானே அதைச் சேர்க்கப்போகிறது என்று அதன் கண்ணை மூடிவிடுவது எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு சின்ன இரண்டு லேயர் போர்டு. பின்பக்கம் முழுக்க கிரவுண்டு ஜோன். கிரவுண்டு நெட்டின் கண்ணை முதல் நாளே மூடிவிட்டேன். சென்சார் ஒயர் வந்து சேரும் ஸ்க்ரூ கனெக்டர் ஒரு மூலையில். கடைசி நேரத்தில் முன்பக்கம் இடம் போதாமல், நான்கு டிராக்கைப் பின்பக்கமாக அந்த மூலையைச் சுற்றி இழுத்துவிட்டேன். நான்கும் பக்கத்தில் பக்கத்தில், மூலையை வெட்டிக்கொண்டு போகும் வேலி மாதிரி. பி அழுத்தினேன். ஜோன் நிரம்பியது. வேலிக்கு இந்தப் பக்கமும் நீலம், அந்தப் பக்கமும் நீலம். கனெக்டரின் கிரவுண்டு பேட் அந்த மூலைத் துண்டின் நடுவில் அழகாக நான்கு கைகளோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது.

அந்த மூலைத் துண்டுக்கும் மற்ற கிரவுண்டுக்கும் நடுவே செம்பு ஒரு இழைகூட இல்லை.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எந்த பேடும் சேராத துண்டைத்தான் கிகேட் தீவு என்று கருதி நீக்கும். இந்தத் துண்டில் ஒரு பேட் இருந்ததால் அதை விட்டுவைத்தது. அதில் தவறு இல்லை. துண்டு பிரிந்து நிற்கிறது என்று சொல்ல ராட்ஸ்நெஸ்டில் ஒரு கோடும் போட்டிருக்கும். அந்தக் கோட்டைத்தான் நான் முதல் நாளே மறைத்துவிட்டேனே. இரண்டாவது, நான் சந்தேகப்பட்டு நெட்டை ஒளிரவிட்டும் பார்த்தேன். கீபோர்டில் எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள கீயை அழுத்தினால், சுட்டி நிற்கும் நெட் ஒளிரும், மற்றவை மங்கும். கிரவுண்டு முழுக்கப் பளபளத்தது, மூலைத் துண்டும் சேர்ந்துதான். ஒளிர்வது என்பது ‘இவையெல்லாம் ஒரே நெட் பெயர் கொண்டவை’ என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அவை ஒன்றையொன்று தொடுகின்றன என்பதற்கு அல்ல. ஒரே வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்ட இரண்டு குடும்பம் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்த மாதிரி ஆகிவிட்டது.

டி.ஆர்.சி. ஓட்டவில்லையா என்று கேட்பீர்கள். ஓட்டினேன். அந்தப் பெட்டியில் விதிமீறல்களுக்கு ஒரு பக்கம், இணைக்கப்படாதவற்றுக்குத் தனியாக இன்னொரு பக்கம். முதல் பக்கத்தில் சுழியம் என்று பார்த்ததும் மூடிவிட்டேன். பக்கத்துத் தலைப்பில் 1 என்று எழுதியிருந்ததைப் போர்டு கைக்கு வந்த பிறகுதான், மல்டிமீட்டர் பீப் அடிக்காமல் போனபோதுதான், மறுபடி திறந்து பார்த்தேன். 5 போர்டு. ஐந்திலும் பின்பக்கம் ஒரு துண்டு ஒயர் வைத்து சால்டர் அடித்து ஓட்டினேன்.

சரி, செய்ய வேண்டியது இது: ராட்ஸ்நெஸ்டை வேலை நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் மறையுங்கள். முடித்துவிட்டோம் என்று தோன்றும் நேரத்தில் நெட்ஸ் பக்கத்தில் எல்லாக் கண்ணையும் திறங்கள், பி அழுத்துங்கள், டி.ஆர்.சி.யில் இரண்டு பக்கத்திலும் உள்ள எண்ணைப் பாருங்கள். கிரவுண்டுக் கோடு தொல்லையாக இருக்கிறதென்றால் மறைப்பதைவிட, நெட்ஸ் பக்கத்தில் அதற்கு மங்கலான ஒரு சாம்பல் நிறம் கொடுத்துவிடலாம். கண்ணை உறுத்தாது, ஆனால் இருக்கும்.

கிளிக் செய்தால் பிடிபடவில்லை

வலப்பக்கம் அடியில் ‘செலக்‌ஷன் ஃபில்டர்’ என்று ஒரு சின்னப் பெட்டி. டெக்ஸ்ட், டிராக், வியா (லேயர்களை இணைக்கும் துளை), ஃபுட்பிரிண்ட் (ஒரு உதிரிக்கான பேட் அமைப்பு) என்று ஒவ்வொன்றுக்கும் டிக். யாரோ, அதாவது நீங்களே போன வாரம், ஒன்றை எடுத்துவிட்டிருப்பீர்கள். ‘லாக்டு ஐட்டம்ஸ்’ என்ற டிக்கையும் பாருங்கள். பூட்டிவைத்த கனெக்டர் நகராததற்குக் காரணம் அதுவாக இருக்கும். மறைந்த லேயரில் இருப்பதும் பிடிபடாது, அது நியாயம்தான்.

கிரிட் புள்ளியில் வைக்கிறேன், ஆனால் நேராக நிற்கவில்லை

இதில் மூன்று நான்கு விஷயம் பின்னிக்கிடக்கின்றன. பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில், திரையில் தெரியும் புள்ளிகள்தான் கிரிட் என்று நம்ப வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், கிகேட் இடையில் உள்ளவற்றை விட்டுவிட்டு வரையும். கிரிட் 0.1 மி.மீ. என்று இருந்தாலும் தெரிவது அதைவிட அகலமான இடைவெளியாக இருக்கும். சுட்டி குதிப்பதோ தெரியாத 0.1-இல். அதனால் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் உதிரி நிற்பதுபோலத் தோன்றும். உள்ளே பெரிதாக்கிப் பாருங்கள், புள்ளி அங்கே முளைக்கும். மேலே உள்ள பட்டியலில் கிரிட் அளவு என்ன என்று எழுதியிருப்பதுதான் உண்மை.

இரண்டாவது, அங்குலக் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும் கலப்பது. பின் ஹெடரின் பின்களுக்கு இடையே 2.54 மி.மீ. கிரிட்டை 0.5 மி.மீ. வைத்தால், முதல் பின் கிரிட்டில் உட்காரும். இரண்டாவது பின் 2.54-இல், கிட்டத்தில் இருக்கும் புள்ளி 2.5-இல்: 0.04 தள்ளி. மூன்றாவது 5.08-இல், 0.08 தள்ளி. நான்காவது 7.62-இல், 0.12 தள்ளி. டிராக்கை பேடிலிருந்து தொடங்கினால் காந்தம்போல பேட் நடுவில் ஒட்டிக்கொள்ளும்; மறுமுனையைக் கிரிட்டில் விட்டால் நடுவில் ஒரு குட்டி மடிப்பு விழும். போர்டு வேலை செய்யும், மடிப்பால் ஒன்றும் ஆகாது. ஆனால் அடுத்த டிராக்கை அதற்கு இணையாக இழுக்கும்போது கை அடித்துக்கொள்ளும். ஹெடர் பக்கம் வேலை செய்யும்போது 1.27 அல்லது 0.635 மி.மீ. கிரிட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். என் அழுத்தினால் அடுத்த கிரிட், ஷிஃப்ட்+என் முந்தையது.

மூன்றாவது, இது பலர் மணிக்கணக்கில் தேடுவது: எஸ் கீ. அது கிரிட்டின் தொடக்கப் புள்ளியை மாற்றும் கருவி. சேமிக்கலாம் என்று கண்ட்ரோல்+எஸ் அழுத்தப் போய், கண்ட்ரோல் சரியாக அமுங்காமல் எஸ் மட்டும் பட்டு, அடுத்த கிளிக்கில் கிரிட் முழுவதும் 0.3 மி.மீ. நகர்ந்துவிடும். அதுவரை வைத்த உதிரியெல்லாம் ஒரு கிரிட்டில், இனி வைப்பது வேறு கிரிட்டில். இசட் அழுத்தினால் தொடக்கப் புள்ளி பழைய இடத்துக்கு வரும். வேண்டுமென்றே வேறு இடத்தில் வைத்திருந்தவர்கள் மறுபடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

8-இல் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஃபுட்பிரிண்டுக்கு ஒரு கிரிட், டிராக்குக்கு ஒரு கிரிட், எழுத்துக்கு ஒரு கிரிட் என்று தனித்தனியாக வைக்கலாம். மேலே 1 மி.மீ. என்று இருக்கிறது, டிராக் மட்டும் வேறு கணக்கில் குதிக்கிறது என்றால் இதுதான். பிரிஃபரன்ஸில் கிரிட்ஸ் பக்கத்தைப் பாருங்கள்.

கிரிட்டே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினால், நகர்த்தும்போது கண்ட்ரோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேடும் டிராக்கும் இழுத்துப் பிடிப்பதுதான் தொல்லை என்றால் ஷிஃப்ட்.

3டி படத்தில் உதிரிகள் இல்லை, அல்லது யானை அளவில் இருக்கின்றன

ஒன்றுமே இல்லை, வெறும் பச்சைப் பலகைதான் என்றால், 3டி மாதிரிகளே கணினியில் இல்லாமல் இருக்கலாம். லினக்ஸில் உபுண்டு, டெபியனில் ‘கிகேட்-பேக்கேஜஸ்3டி’ என்று அது தனித் தொகுப்பு. அளவு பெரிது என்பதால் கூடவே வராது.

சில உதிரிகள் மட்டும் இல்லையென்றால், ஃபுட்பிரிண்டின் பண்புகளில் 3டி மாடல்ஸ் பக்கத்தைத் திறந்து, ஃபைலின் பாதையைப் படியுங்கள். உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காட்டிக்கொண்டிருந்தால் உங்கள் கணினியில் தெரியும், நண்பர் கணினியில் தெரியாது. மாதிரியைப் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, பாதையின் தொடக்கத்தில் கே-ஐ-பி-ஆர்-ஜே-எம்-ஓ-டி என்று எட்டெழுத்தில் உள்ள மாறியைப் போடுங்கள். புராஜெக்ட் எங்கே போனாலும் மாதிரியும் கூடப் போகும்.

உதிரி பெரிதாகத் தெரிகிறதா? ‘டபிள்யூ.ஆர்.எல்.’ வகை மாதிரியில் 1 அலகு என்பதைக் கிகேட் 0.1 அங்குலமாக, அதாவது 2.54 மி.மீ.யாக எடுத்துக்கொள்ளும். மாதிரியைச் செய்தவர் மில்லிமீட்டரில் செய்திருந்தால் எல்லாம் 2.54 மடங்கு பெருத்துவிடும். ஸ்கேல் மூன்றிலும் 0.3937 போடுங்கள், சரியாகிவிடும். ‘ஸ்டெப்’ வகை மாதிரியில் இந்தத் தொல்லை இல்லை, கிடைத்தால் அதையே எடுங்கள்.

வட்டமாக வரைந்த போர்டு 3டியில் சதுரமாக வருகிறது, மேலே எல்லைக்கோடு சரியில்லை என்று ஒரு எச்சரிக்கையும் ஓடுகிறது என்றால், எட்ஜ்.கட்ஸ் லேயரில் கோடு எங்கோ மூடாமல் நிற்கிறது. இரண்டு முனைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. தேடி அலையாதீர்கள், டி.ஆர்.சி. ஓட்டுங்கள், இடத்தையே காட்டிக்கொடுக்கும்.

பயிற்சிப் படத்தில் பச்சை, எனக்கு நீலம்

5-ஆம் பதிப்பு வரை பின்பக்கச் செம்பு பச்சை, 6-லிருந்து நீலம். பழைய பயிற்சிக் காணொளியைப் பார்த்துக்கொண்டு வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். பிரிஃபரன்ஸில் கலர்ஸ் பக்கத்தில் ‘கிகேட் கிளாசிக்’ எடுத்தால் பழைய நிறம் வரும். சிவப்பும் பச்சையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்களுக்கு அந்தப் பழைய ஜோடி கொடுமை, புதியது பரவாயில்லை. கூடவே வருகிற இரண்டு தீமிலும் நிறத்தை மாற்ற விடாது. புதிதாக ஒரு தீம் உண்டாக்கி, அதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நெட்டுக்கு நிறம் கொடுத்தேன், மெல்லிய கோடு மட்டும் மாறுகிறது, டிராக் மாறவில்லை என்பவர்கள் நெட்ஸ் பக்கத்தின் அடியில் நெட் கலர்ஸை ‘ஆல்’ என்று வையுங்கள்.

டிராக்கைச் சுற்றி நிழல்கோடு, போர்டெங்கும் அம்புக்குறி

நிழல்கோடு கிளியரன்ஸ் எல்லை, அதாவது வேறு நெட்டின் செம்பு விலகி நிற்க வேண்டிய இடைவெளி. எப்போது காட்டுவது என்பது பிரிஃபரன்ஸில் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸில் இருக்கிறது; டிராக் போடும்போது மட்டும் என்று வைத்தால் நிம்மதி. அம்புக்குறிகள் டி.ஆர்.சி. குறிகள். பிழையைத் திருத்தியதும் அவை தானாகப் போகாது, மறுபடி ஓட்டினால்தான் போகும். அம்பு கண்ணை உறுத்துகிறதே என்று ஆப்ஜெக்ட்ஸ் பக்கத்தில் மறைத்துவைக்கும் பழக்கம் வேண்டாம். காரணம் மேலே சொன்ன 5 போர்டு.

நகர்த்தினால் திரை இழுக்கிறது, கோடுகள் உடைந்து தெரிகின்றன

பிரிஃபரன்ஸில் காமன் பக்கத்தில் ‘ஆக்சிலரேட்டட்’ இருக்கிறதா, ‘ஃபால்பேக்’ இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதற்கு ஓப்பன்ஜி.எல். 2.1 வேண்டும். பழைய லேப்டாப்பிலோ, தொலைவிலிருந்து இணையும்போதோ அது கிடைக்காமல் இரண்டாவதற்கு இறங்கிவிடும். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுபடி மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது

இதையும் ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 3டி படம் அழகாகச் சுழல்கிறது, ஐ.சி. பெயரெல்லாம் வெள்ளையில் மின்னுகிறது. ஆனால் 3டி வியூவரில் சில்க்ஸ்கிரீனை (போர்டின்மேல் அச்சாகும் எழுத்துகளை) சால்டர் மாஸ்க் (பேடைத் தவிர மற்றதை மூடும் பூச்சு) விளிம்போடு வெட்டிக் காட்டும் அமைப்பு ஒன்று உண்டு. பேடின்மேல் விழுந்த எழுத்து படத்தில் வெட்டுப்பட்டுச் சுத்தமாகத் தெரியும். ஜெர்பரில் அது வெட்டப்பட வேண்டுமென்றால் பிளாட் பெட்டியில் ‘சில்க்ஸ்கிரீனிலிருந்து சால்டர் மாஸ்கைக் கழி’ என்ற டிக்கைத் தனியாகப் போட வேண்டும்.

ஆகவே ஆர்டர் போடும் முன் எடிட்டரை மூடிவிட்டு, ஜெர்பர் ஃபைல்களைக் கிகேட்டோடு வரும் ஜெர்பர் வியூவரில் திறங்கள். ராட்ஸ்நெஸ்ட், நெட் நிறம் போன்ற துணைகள் அங்கே இருக்காது. தொழிற்சாலைக்குப் போவது மட்டும்தான் இருக்கும். பின்பக்கச் செம்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்து, கிரவுண்டுப் பரப்பை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கண்ணால் நடந்து பாருங்கள். எங்காவது வேலி குறுக்கிட்டால் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறதா? ட்ரில் ஃபைலையும் சேர்த்து ஏற்றி, துளைகள் பேடின் நடுவில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

அங்கே பின்பக்கச் சில்க்ஸ்கிரீன் எழுத்துகள் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும். பதறி எடிட்டருக்கு ஓடி, எழுத்தின் பண்பில் ‘மிர்ரர்’ டிக்கை எடுத்துவிடாதீர்கள். வியூவர் போர்டை முன்பக்கத்திலிருந்து ஊடுருவிக் காட்டுகிறது, அதனால் பின்பக்கத்து எழுத்து அப்படித்தான் தெரிய வேண்டும். ‘ஃப்ளிப் ஜெர்பர் வியூ’ போட்டுப் பார்த்தால் நேராகும். திருப்பாமலே அது நேராகப் படிக்க வந்தால்தான், போர்டு கைக்கு வந்ததும் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கும்.